அவசர சிகிச்சையும் அன்றன்றைய அறிவும்

விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவருக்கு, மூளையின் வீக்கம் தணியும் என்ற நம்பிக்கையில் ஸ்டீராய்டு ஊசி போடுவது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல தேசங்களில் வழக்கமாய் இருந்துவந்தது. அவ்வாறு செய்த வைத்தியர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். தம் ஆசிரியர்களிடம் கற்றதை மனப்பூர்வமாகக் கடைப்பிடித்தவர்கள். ஆயினும் 'கிராஷ்' என்னும் பெயரால் 10,008 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பெரும் பரிசோதனையின் முடிவு 2004-இல் வெளியானபோது, இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள் அம்மருந்தைப் பெற்றோரில் நூற்றுக்கு 21.1 என்றும், பெறாதோரில் 17.9 என்றும் தெரியவந்தது. உயிர் காக்கும் என்று நம்பிய ஔஷதமே உயிர்களைப் போக்கியிருக்கிறது.

அதே ஆராய்ச்சி மரபிலிருந்துதான் ஒரு நற்செய்தியும் பிறந்தது. ஜப்பானிய விஞ்ஞானிகளான உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும் 1962-இல் அறிவித்த டிரானெக்ஸாமிக் அமிலம், பெண்களின் பெரும்பாட்டுக்கும் பல் பிடுங்கிய பின் நில்லாத ரத்தத்துக்கும் கொடுக்கப்பட்டு வந்த, விலை அதிகமில்லாத மருந்து. இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளில் காயமுற்ற 20,211 பேரிடம் அதைப் பரிசோதித்து, 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, மரணம் நூற்றுக்கு 16 என்பதிலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. மறு ஆண்டில் அந்த விவரங்களையே நுணுகி ஆராய்ந்தபோது இன்னொரு முக்கியமான உண்மை புலப்பட்டது: காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், அதற்குப் பிறகு கொடுத்தால் ரத்தப்போக்கினால் நேரும் மரணம் கூடவும் கூடும். மருந்தின் பெயரை அறிந்த வைத்தியர் அதன் நேரத்தை அறியாதிருந்தால், அந்த அரைகுறை ஞானத்தின் பலனை அனுபவிப்பவர் நோயாளியே.

ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம்! அவசர சிகிச்சைக்கு இது போதாது என்பதே என் திடமான அபிப்பிராயம். நள்ளிரவில் கேஷுவாலிட்டியில் தனித்து நிற்கும் இளம் வைத்தியரின் ஞாபகசக்தியை மட்டும் நம்பாமல், தேறிய முடிவுகளைச் சிகிச்சை முறையாக எழுதி, காலாகாலத்தில் திருத்தி, அவர் கண்முன் வைக்கும் கடமை மருத்துவமனை நிர்வாகத்தினுடையது. அதற்காக நேற்று வந்த சிறு ஆய்வு ஒவ்வொன்றின் பின்னாலும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பலவிடங்களில், பெரிய அளவில் சோதித்து நிலைபெற்றதையே ஏற்பது விவேகம்.

சட்டமும் இவ்விஷயத்தில் நியாயமான அளவுகோலையே வைத்திருக்கிறது. வைத்தியரின் செயலைச் சம்பவம் நிகழ்ந்த காலத்தில் கிடைத்திருந்த அறிவைக் கொண்டே எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் கூறியது. பின்னாளில் தெரியவந்ததைக் காட்டி ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. அன்றைக்கே ஊரறிந்திருந்ததைத் தாம் அறியவில்லை என்று தப்பித்துக்கொள்வதும் எளிதன்று. போலீஸ் சம்பிரதாயங்களைக் காரணங்காட்டி முதல் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்பதை அந்நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கடாரா வழக்கிலேயே அரசு, தனியார் வைத்தியர் அனைவருக்கும் விதித்துவிட்டது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் தம் பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்பது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் அளிக்கும் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் சாலை விபத்துக்குள்ளானவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின் கீழ், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும்.

உறவினர் செய்யத்தக்கவையும் சில உண்டு. 108-ஐ அழைத்த கையோடு விபத்து நடந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, வைத்தியரிடம் கேளாமலே சொல்லுங்கள். ரத்தப்போக்கு இருந்தால், "ரத்தம் நிற்பதற்கான ஊசி போட வேண்டியிருக்கிறதா, டாக்டர்? போட்டாயிற்றா?" என்று பணிவாகக் கேட்கலாம், கேட்பது உரிமை, இன்ன மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மல்லுக்கட்டுவது தகாது. வேறிடத்துக்கு அனுப்பினால், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அனுப்புச் சீட்டில் எழுதி வாங்காமல் புறப்படாதீர்கள். சந்தேகம் எழுந்தால் சிகிச்சை ஆவணங்களைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்பது மேற்சொன்ன மருத்துவ கவுன்சில் விதிகளிலேயே உள்ளது. தொழில் ஒழுக்கம் பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். நஷ்டஈடு கோருவோர் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் மருத்துவமனைகளுக்கு மட்டும் அந்த வழி பொருந்தாது, அங்கே உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.