நாய்களுக்கான அழைப்புப் பயிற்சி

அழைப்புப் பயிற்சி என்பது, வளர்ப்பவர் அழைத்தவுடன் நாய் தான் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டுத் திரும்பி வருமாறு பழக்கும் முறையாகும். நடைக்குச் செல்லும்போது பிடியிலிருந்து நழுவி ஓடும் நாய் வாகனத்தில் அடிபடுவதையும், வழி தவறுவதையும், பிற நாய்களிடம் கடிபடுவதையும் தவிர்க்க இது உதவுகிறது.

நாய் ஓடுவதற்கான காரணங்கள்

துரத்தும் இயல்பு, அச்சம், இணைதேடல் ஆகியவை முதன்மைக் காரணங்களாகும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களைச் சேர்ந்த சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் இரையைக் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். இவற்றுக்குத் துரத்துவதே பெரும் இன்பம். எனவே அணிலையோ ஆட்டையோ கண்டு ஓடத் தொடங்கியபின் இவை குரலுக்குச் செவிசாய்ப்பது அரிது.

காஞ்சிபுரச் சூழல்

காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசி கருட சேவை, ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரம் போன்ற விழா நாட்களில் கூட்டமும் மேளமும் வேட்டுச் சத்தமும் மிகுந்திருக்கும். மிரண்ட நாய் பழகிய குரலையும் பொருட்படுத்தாது. நெசவாளர் தெருக்களில் காலை வேளையில் பட்டுப் பாவு நீட்டி வேலை நடப்பதுண்டு. அதற்குள் நாய் புகுந்தால் இழைகள் அறுந்து, ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீணாகக்கூடும். ஆகவே இவ்விடங்களில் நாயைக் கயிற்றிலிருந்து விடக்கூடாது.

அடிப்படைக் கோட்பாடு

உணவோடு தொடர்ந்து இணைக்கப்பட்ட ஒலிக்கு நாய் உமிழ்நீர் சுரப்பதை உருசிய அறிஞர் பாவ்லவ் காட்டினார். நற்பலன் தரும் செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் விளக்கினார். ஆக்கநிலையிறுத்தம் எனப்படும் இவ்விரு கோட்பாடுகளே அழைப்புப் பயிற்சிக்கு அடிப்படை.

பயிற்சி முறை

1. "வா" போன்ற ஒரு சொல்லையோ ஊதல் ஒலியையோ தேர்ந்தெடுக்க வேண்டும். நாள் முழுவதும் கூப்பிடும் பெயர் இதற்கு ஏற்றதன்று. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.
2. முதலில் வீட்டுக்குள் சில அடி தொலைவிலிருந்து ஒருமுறை மட்டும் அழைத்து, வந்தவுடன் வேகவைத்த கோழித் துண்டு, முட்டை, பன்னீர் போன்ற விருப்ப உணவைச் சிறிதளவு தர வேண்டும்.
3. அடுத்து மொட்டைமாடி, சுற்றுச்சுவர் உள்ள இடம் என மாற்ற வேண்டும்.
4. பின்னர் திறந்த வெளியில் 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிற்றுடன் பழக்க வேண்டும். கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டினால், திடீர் இழுப்பால் கழுத்தில் காயம் ஏற்படாது.
5. நாய் இருமுறை தொடர்ந்து வராவிட்டால் தொலைவைக் குறைத்து, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.
6. வந்த நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து, உணவு தந்து, மீண்டும் விளையாட விட வேண்டும். இல்லையெனில் அழைப்பு என்றாலே விளையாட்டு முடிந்தது என்று அது கற்றுக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவை

தாமதமாகத் திரும்பிய நாயை அடிக்கக்கூடாது. அது அடியை ஓடியதோடு அல்லாமல் திரும்பி வந்ததோடுதான் இணைத்துக்கொள்ளும். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் அழைப்புச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது. ஓடும் நாயைத் துரத்தினால் அதை விளையாட்டாகக் கருதி மேலும் ஓடும். மாறாக, எதிர்த்திசையில் ஓடினாலோ குந்தி அமர்ந்தாலோ அது நெருங்கி வர வாய்ப்புண்டு.

வரம்புகளும் பொறுப்பும்

நன்கு பழகிய நாயும் எப்போதும் திரும்பி வரும் என்று உறுதியாகக் கூற இயலாது. எனவே சாலையோரத்தில் கயிறு கட்டாயம் தேவை. கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் பொறித்த வில்லை இருந்தால், தொலைந்த நாயைக் கண்டவர் தெரிவிக்க எளிது. வெறிநோய்க்கான தடுப்பூசியை உரிய காலத்தில் போட வேண்டும். வளர்ப்பு விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய வகையில் அலட்சியமாக இருப்பது, 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.