உங்க கடைப் பேரு யார் பேர்ல இருக்கு பாஸ்? டொமைன், ஹோஸ்டிங் வாங்குறதுக்கு முன்னாடி...

இன்ஸ்டாவுல ரீல்ஸ் போடுறது, டி.எம்-ல ஆர்டர் எடுக்கறது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட் வந்ததும் பார்சலைக் கட்டி கொரியர் ஆபீஸுக்கு ஓடுறது... இன்னிக்கு நிறைய பேரோட முதல் பிசினஸ் இப்படித்தான் ஆரம்பிக்குது. தப்பே இல்லை. ஆனா, அந்தக் கடை நிக்கிற இடம் உங்களோடது இல்லைங்கறதை மட்டும் மறந்துடக் கூடாது.

2020 ஜூன் 29-ம் தேதி ராத்திரி டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்கு மத்திய அரசு தடை போட்டது. லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வெச்சிருந்தவங்களுக்கு, அந்த ஃபாலோயர்ஸ்கிட்ட 'நான் இங்க மாறிட்டேன்'னு சொல்லக்கூட அவகாசம் கிடைக்கல. 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல படுத்துச்சு. அன்னிக்கு அந்த கம்பெனியோட சர்வர் எதுவும் எரிஞ்சு போகல. அந்த சர்வர்களுக்குப் போற வழிதான் இணையத்துல இருந்து காணாமப் போச்சு. விலாசம் எவ்வளவு முக்கியம்னு அன்னிக்கு உலகமே பார்த்துச்சு.

சொந்தமா ஒரு விலாசம் இருக்கணும்னு முடிவு பண்ணி கூகுள்ல தேடினா, 'டொமைன் 99 ரூபாய்', 'ஹோஸ்டிங் மாசம் 69 ரூபாய்'னு விளம்பரம் கொட்டும். எதுக்குக் காசு கட்டுறோம்னே தெரியாம நிறைய பேர் கட்டிடுறாங்க.

உங்க கையில இருக்கற போனை வெச்சே புரிஞ்சுக்கலாம். டொமைன்ங்கறது உங்க போன் நம்பர். ஹோஸ்டிங்ங்கறது ஹேண்ட்செட். ஹேண்ட்செட்டை எப்போ வேணா மாத்தலாம், நம்பர் அப்படியே இருக்கும். ஒரு கம்பெனியில இருந்து இன்னொண்ணுக்கு நம்பரை 'போர்ட்' பண்றப்ப யூபிசி கோட் கேட்பாங்கல்ல, அதே மாதிரி டொமைனை மாத்துறதுக்கு 'ஆத் கோட்'னு ஒண்ணு இருக்கு. ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர் வேற யாருக்கோ போயிடும். டொமைனும் போயிடும். முக்கியமான விஷயம், சிம் யார் பேர்ல வாங்கினதோ நம்பர் அவருக்குத்தான்!

அந்தக் கடைசி விஷயத்துக்குப் பின்னாடி வரலாம். முதல்ல பேரு.

32 தாழம்பூ!

தமிழ்ல பிராண்டு பேர் வைக்கிறவங்களுக்கு வேற யாருக்கும் இல்லாத ஒரு தலைவலி உண்டு. புடவை விக்கிறதுக்கு 'தாழம்பூ'ன்னு பேர் வைக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். கேட்கவே அழகா இருக்கு. இப்போ அதை இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க. முதல் எழுத்துக்கு 'டி' மட்டுமா, 'டி-எச்'சா? நெடிலுக்கு ஒரு 'ஏ'வா, ரெண்டு 'ஏ'வா? 'ழ'வுக்கு 'இசட்-எச்'சா, 'எல்'லா? 'ம்பூ'வுல வர்றது 'பி'யா, பாலுக்கு வர்ற 'பி'யா? கடைசியில ரெண்டு 'ஓ'வா, ஒரு 'யூ'வா? அஞ்சு இடத்துல ரெண்டு ரெண்டு சாய்ஸ். பெருக்கிப் பாருங்க, 32 ஸ்பெல்லிங்! உங்க ரீல்ஸைப் பார்த்து பேரை ஞாபகம் வெச்சிருந்த ஒரு அக்கா, மறுநாள் டைப் பண்றப்ப அதுல எதை டைப் பண்ணுவாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது.

இதுக்கு ஒரு ஈஸியான டெஸ்ட் இருக்கு. வீட்ல, ஃப்ரெண்ட்ஸ்ல அஞ்சு பேருக்கு போன் போட்டு பேரை வாயால மட்டும் சொல்லி, வாட்ஸ்அப்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. நாலு பேர் ஒரே மாதிரி அனுப்பினா பேர் பாஸ். ஆளுக்கொரு விதமா வந்தா ரெண்டு வழி. 'மல்லி', 'கனி' மாதிரி குழப்பம் கம்மியா இருக்கற சொல்லா எடுத்து, கூடவே ஊர் பேரையோ பொருளோட பேரையோ சேர்த்துக்கலாம். இல்ல, 'தாழம்பூ'தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா, அதிகம் பேர் டைப் பண்ணின ரெண்டு ஸ்பெல்லிங்கையும் வாங்கி, ஒண்ணைத் தட்டினா இன்னொண்ணுக்குப் போற மாதிரி வெச்சுடலாம். நடுவுல ஹைஃபன் வெச்ச பேர் காலியா இருக்குன்னு அதை வாங்காதீங்க. போன்ல விலாசம் சொல்றப்ப 'நடுவுல ஒரு கோடு போடுங்கக்கா'ன்னு ஆயுசுக்கும் சொல்லிட்டே இருக்கணும்.

ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து மாத்தி, ஏற்கெனவே ஃபேமஸா இருக்கற பேரை வாங்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே கம்பெனிக்கு 'சிஃபி'ங்கற பேர்ல டொமைன்கள் இருந்துச்சு. இன்னொரு நிறுவனம் 'எஃப்' எழுத்தை ரெண்டு தடவை போட்டு கிட்டத்தட்ட அதே பேரை வாங்கினாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2004-ல தீர்ப்பு சத்யம் பக்கம் வந்தது. டிரேட்மார்க்குக்கு இருக்கற பாதுகாப்பு டொமைன் பேருக்கும் உண்டுன்னு அந்தத் தீர்ப்பு தெளிவா சொல்லிடுச்சு. அதனால, பேரை முடிவு பண்றதுக்கு முன்னாடி மத்திய அரசோட டிரேட்மார்க் தளத்துல இலவசமா ஒரு தேடல் போட்டுப் பாருங்க. துணிமணின்னா 25-ம் வகுப்பு, மசாலா, மாவு வகைன்னா 30-ம் வகுப்புல தேடணும். பத்து நிமிஷ வேலை.

டாட் காமா, டாட் இன்னான்னு கேட்டா, ரெண்டும் கிடைச்சா ரெண்டையும் வாங்குங்க. ஒண்ணுதான் முடியும்னா, இந்தியாவுக்குள்ள மட்டும் விக்கறவங்களுக்கு டாட் இன் தாராளமா போதும். அதை நிர்வகிக்கிறது நிக்ஸிங்கற இந்திய அமைப்பு. அதுல ஒரு சின்ன வித்தியாசம். டாட் காம் வாங்கினா உங்க பேர், போன் நம்பரை வெளியில காட்டாம மறைச்சு வைக்கிற வசதியைப் பல கம்பெனிகள் இலவசமாவே தருது. டாட் இன்-ல வேற ஒருத்தர் பேருக்குப் பின்னால ஒளிஞ்சு பதிவு பண்ண அனுமதி இல்ல. தமிழ் எழுத்துலயே 'டாட் இந்தியா'ன்னு முடியற டொமைனும் இருக்கு. ஆசைக்கு ஒண்ணு வாங்கி வைக்கலாம். ஆனா, பில்லுலயும் பார்சல்லயும் போடறதுக்கு இன்னும் இங்கிலீஷ் விலாசம்தான் வசதி.

99 ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகுது?

ஆகாது. டாட் காம் பேர்கள் எல்லாத்துக்கும் மேல உட்கார்ந்திருக்கற வெரிசைன் கம்பெனிக்கு, உங்களுக்கு விக்கிற கம்பெனி ஒரு பேருக்கு வருஷம் இவ்வளவுன்னு கட்டியாகணும். 2024 செப்டம்பர்ல அந்த மொத்த விலை 10.26 டாலர் ஆச்சு. நம்ம காசுக்கு 850 ரூபாய்க்கு மேல. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. அப்போ 99 ரூபாய்க்குக் குடுக்கறவர் முதல் வருஷம் கைக்காசைப் போட்டுத்தான் குடுக்கறார். ரெண்டாவது வருஷத்துல இருந்து அதை எடுத்துடுவார். அதனால, பார்க்க வேண்டியது ஆஃபர் விலையை இல்ல, பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கற ரினியூவல் விலையை. கம்பெனிகளை ஒப்பிடுறதா இருந்தா அந்த நம்பரை வெச்சு ஒப்பிடுங்க.

ஹோஸ்டிங்லயும் இதே கதைதான். விளம்பரத்துல மாசம் 69 ரூபாய்னு இருக்கும். பணம் கட்டுற பக்கத்துக்குப் போனா, அந்த விலை 48 மாசத்துக்கு மொத்தமா கட்டினாத்தான்னு இருக்கும். 69-ஐ 48-ஆல பெருக்கினா 3,312. ஜிஎஸ்டியோட 3,908 ரூபாய். கடை ஆறு மாசம் ஓடுமான்னே தெரியாத நேரத்துல நாலு வருஷ வாடகை எதுக்கு? மாசாந்திர விலை கொஞ்சம் கூட இருந்தாலும், முதல்ல ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுங்க.

இன்னும் நேரா சொல்லணும்னா, முதல் நாளே ஹோஸ்டிங் வாங்க வேண்டிய அவசியமே பலருக்கு இல்ல. பத்துப் பன்னெண்டு பொருள்தான் விக்கிறீங்களா? டொமைனை மட்டும் வாங்கி, அதைத் தட்டினா உங்க வாட்ஸ்அப் கேட்டலாகுக்கோ இன்ஸ்டா பக்கத்துக்கோ போற மாதிரி ஃபார்வர்டிங் போட்டுடுங்க. பெரும்பாலான இடங்கள்ல இது இலவசம். விசிட்டிங் கார்டுலயும் பார்சல் மேலயும் உங்க சொந்த விலாசத்தை அச்சடிச்சுக்கலாம். நாளைக்கு வெப்சைட் ரெடியானதும் அதே விலாசம் அங்க போகும்.

கார்ட், பேமென்ட், ஸ்டாக் கணக்கு எல்லாம் வேணும்ங்கற கட்டம் வந்தா ரெண்டு வழி. ஷாப்பிஃபை மாதிரி ரெடிமேட் கடை எடுத்தா அதுலயே ஹோஸ்டிங்கும் அடக்கம், மாசச் செலவு கூட. வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ்னு போனா ஹோஸ்டிங் தனியா வாங்கணும், அப்டேட்டையும் நீங்கதான் பார்க்கணும். அதுக்கு 'ஷேர்டு ஹோஸ்டிங்' போதும். ஒரே சர்வர்ல பல பேர் குடியிருக்கற மேன்ஷன் மாதிரி அது. 'அன்லிமிடெட்'னு போட்டிருந்தாலும், ஃபைல் எண்ணிக்கைக்கோ சர்வர் உழைப்புக்கோ ஒரு வரம்பு உள்ளுக்குள்ள இருக்கும். உங்க கஸ்டமர்ஸ் இங்கதான்னா டேட்டா சென்டர் மும்பை மாதிரி இந்திய ஊரா இருக்கட்டும், பக்கம் சீக்கிரம் திறக்கும். பூட்டுக் குறி போட்டு வர்ற எஸ்எஸ்எல்-லுக்குத் தனியா ஆயிரக்கணக்குல கேட்டா குடுக்காதீங்க. லெட்ஸ் என்கிரிப்ட்ங்கற லாப நோக்கில்லாத அமைப்பு அதை இலவசமாவே தருது, நல்ல ஹோஸ்டிங் எல்லாம் அதைத் தானாவே போட்டுத் தரும்.

பேக்கப் மட்டும் அவங்க பொறுப்புன்னு விட்டுடாதீங்க. 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல, ஐரோப்பாவோட பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகள்ல ஒண்ணான ஓவிஎச்-சோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சு ஒரு கட்டடமே நாசமாச்சு. வேற இடத்துல காப்பி வெச்சிருந்தவங்க திரும்பி வந்தாங்க. பேக்கப்பும் அதே வளாகத்துல வெச்சிருந்தவங்கள்ல சிலருக்கு ரெண்டுமே போச்சு. வாரம் ஒருதடவை உங்க லேப்டாப்லயோ டிரைவ்லயோ ஒரு காப்பி இறக்கி வைங்க.

இப்போ அந்த சிம் கார்டு கதை

'டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து 9,999, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்'னு சொல்ற பேக்கேஜ்லதான் வில்லங்கம் ஒளிஞ்சிருக்கு. டிசைன் பண்ற தம்பி நல்லவராவே இருக்கலாம். ஆனா, அவசரத்துல டொமைனைத் தன்னோட அக்கவுன்ட்ல, தன்னோட மெயில் ஐடியில பதிவு பண்ணியிருப்பார். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் துபாய் போயிட்டாலோ, உங்களுக்குள்ள பணத் தகராறு வந்தாலோ, பில்லுல, போர்டுல, பார்சல்ல எல்லாம் அச்சடிச்ச அந்தப் பேரு அவரோட கையில. பணம் நீங்க கட்டியிருக்கலாம். ஆனா பதிவேட்டுல 'ரெஜிஸ்ட்ரன்ட்'னு யார் இருக்காங்களோ அவங்களைத்தான் அந்த கம்பெனி உரிமையாளரா பார்க்கும்.

அதனால டொமைனை நீங்களே வாங்குங்க. ஆன்லைன்ல செருப்பு வாங்குறதைவிடக் கஷ்டமில்ல. டிசைனருக்கு பாஸ்வேர்டு தரத் தேவையில்ல. அவர் கேட்கற 'நேம்சர்வர்' விவரத்தை நீங்களே உள்ள போய் போட்டுக்கலாம். ஏற்கெனவே வேற யாரோ வாங்கிக் குடுத்திருந்தா, ஐகான் அமைப்போட லுக்கப் தளத்துல உங்க டொமைனைத் தட்டி எந்த கம்பெனியில பதிவாகியிருக்கு, எப்போ முடியுதுன்னு இன்னிக்கே பாருங்க. உறவு நல்லா இருக்கும்போதே 'தம்பி, இதை என் அக்கவுன்ட்டுக்கு மாத்திக் குடுத்துடுப்பா'ன்னு கேட்டு வாங்கிடுங்க. அதே கம்பெனிக்குள்ள அக்கவுன்ட் மாத்துறது சில நிமிஷ வேலை. வேற கம்பெனிக்கு மாத்துறதுன்னா ஆத் கோட் வேணும். புதுசா பதிவு பண்ணின டாட் காம்னா முதல் 60 நாளுக்கு நகர்த்த முடியாது.

டொமைனை ஒரு கம்பெனியிலும், ஹோஸ்டிங்கை இன்னொரு கம்பெனியிலும் வெச்சுக்கறது என்னோட கட்சி. ஹோஸ்டிங்காரரோட சண்டை வந்தாலும் நம்பர் நம்ம கையில இருக்கும்.

வாங்கினதும் ஒரு வெரிஃபிகேஷன் மெயில் வரும். ஸ்பேம் ஃபோல்டர்லயும் தேடுங்க. டாட் காம் மாதிரி டொமைன்களுக்கு 15 நாளுக்குள்ள அந்த லிங்க்கைத் தட்டலைன்னா சைட்டையே நிறுத்தி வெச்சுடலாம். பதிவுக்குக் குடுக்கற மெயில் ஐடி உங்க ஜிமெயில் மாதிரி வேற இடத்துல இருக்கணும். அதே டொமைன்ல உருவாக்கின மெயிலைக் குடுத்தா, டொமைன் காலாவதியாகுற அன்னிக்கு அந்த மெயிலும் செத்துடும். 'ரினியூ பண்ணுங்க'ன்னு வர்ற கடைசி எச்சரிக்கை யாருக்குமே போகாது!

ஆட்டோ ரினியூவல் போட்டாச்சேன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது. 2021 அக்டோபர்ல இருந்து, கார்டுல தானா பணம் எடுக்கறதுக்கு ரிசர்வ் வங்கி தனி விதிகள் வெச்சிருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி மாறாத வெளிநாட்டு கம்பெனிகள்ல நம்ம கார்டு சத்தமில்லாம ஃபெயில் ஆகும். கார்டு மாத்தினாலும் இதே நிலைமைதான். டாட் காம் காலாவதியானா, கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் சாதாரண விலைக்கே மீட்க வாய்ப்பு கிடைக்கலாம். அப்புறம் 30 நாள் 'ரிடெம்ப்ஷன்' காலம், அதுல மீட்கறதுக்குப் பல மடங்கு கட்டணம். அதுவும் தாண்டினா அஞ்சு நாள்ல பேர் பொதுவுக்கு வந்துடும். பெரிய கம்பெனிகளே கோட்டை விட்டிருக்காங்க. 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல மைக்ரோசாஃப்ட் தன்னோட பாஸ்போர்ட் டொமைனைப் புதுப்பிக்க மறந்து ஹாட்மெயில் லாகின் தடுமாறினப்போ, சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டுல 35 டாலர் கட்டி அதைக் காப்பாத்தினார். நமக்கு அப்படி ஒருத்தர் வர மாட்டார். ரெண்டு மூணு வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிடலாம், அதிகபட்சம் பத்து வருஷம் வரைக்கும் விடுவாங்க. போன் காலண்டர்ல 60 நாள் முன்னாடி ஒண்ணு, 30 நாள் முன்னாடி ஒண்ணுன்னு ரெண்டு ரிமைண்டர். அக்கவுன்ட்டுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்.

பதிவு பண்ணின கொஞ்ச நாள்லயே, 'உங்க டொமைன் முடியப் போகுது, உடனே இந்த லிங்க்ல கட்டுங்க'ன்னு முன்பின் தெரியாத இடத்துல இருந்து மெயில் வரலாம். அதைத் தொடாதீங்க. எப்பவும் நீங்க வாங்கின தளத்துக்கு நேரா போய், லாகின் பண்ணி, அங்க காட்டுற தேதியைப் பார்த்து மட்டும் பணம் கட்டுங்க.