உங்களுக்குத் தெரியுமா? 27 கிராம் கூடியும் முறியாத சாதனை

வட அமெரிக்க நன்னீர்நிலைகளுக்கு உரிய பெருவாய் பாஸ் மீனுக்கான உலகச் சாதனை, 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளைஞர், சிறுமீன் வடிவில் செய்த செயற்கை இரையால் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்சு (சுமார் 10.09 கிலோ) மீனுக்கு உரியது, அது பாடம் செய்யப்படாமல் வீட்டுச் சமையலுக்கே போயிற்று.

ஜப்பானின் பிவா ஏரியில் 2009 ஜூலை 2 அன்று மனாபு குரிட்டா உயிருள்ள புளூகில் மீனை இரையாக்கிப் பிடித்த பாஸ் ஏறத்தாழ 27 கிராம் கூடுதலாக இருந்தபோதிலும், 25 பவுண்டுக்குக் குறைந்த மீன்களில் புதிய சாதனை பழையதைக் குறைந்தது 2 அவுன்சு, அதாவது சுமார் 57 கிராம், விஞ்ச வேண்டும் என்று பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் விதித்திருப்பதால், இருவரும் சமநிலையினராகவே பதிவாயினர்.

இதில் விந்தை என்னவென்றால், பாஸ், புளூகில் இரண்டுமே ஜப்பானுக்கு அயலினங்கள். 1925இல் ஆஷி ஏரியில் விடப்பட்ட பாஸ் பின்னர் பல நீர்நிலைகளுக்கும் பரவி உள்நாட்டு மீன்களை இரையாக்கியதால், பிவா ஏரி அமைந்த ஷிகா மாநிலத்தில், பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவதற்குத் தடை உள்ளது. அமெரிக்கப் போட்டிகளிலோ, உயிருடன் விடுவிப்பதே நன்னெறி.