கடல் கடந்த வகுப்பறை

உயிரணுவிற் பொதிந்த மரபுச் செய்தி நான்கே எழுத்துக்களால் ஆயது. மனிதரிடத்தில் அவை ஏறத்தாழ 300 கோடி. அவற்றைக் கணினியால் ஒப்பிட்டுப் பொருள் காண்பதே உயிர்த்தகவலியல். சான் டியாகோப் பேராசிரியர் பவெல் பெவ்ஸ்னர் 2013இல் கோர்செரா வழியாக இதனை உலகோர்க்குக் கற்பிக்கலானார். சென்னை ஐ.ஐ.டி.யின் மைக்கேல் குரோமிகா ஆற்றிய விரிவுரைகளும் இணையத்தில் இலவசமாகவே உள்ளன.

கம்பளை மாணவர் மகாவலிக் கரையிலிருந்தே இவற்றைக் கேட்கலாம். ஆயின் கேட்பது வேறு, கற்பது வேறு. நிரல் எழுதிப் பழகாதார்க்கு இத்துறை வசப்படாது. பல்லாயிரவர் பயிற்சியை ஓர் ஆசிரியர் திருத்தவியலுமா? ஆதலின் கணினியே திருத்தும் 'ரோசலிண்ட்' என்னும் பயிற்சித் தளம் 2012இல் எழுந்தது.

தமிழ்மொழி மூலம் பயின்றவர்க்கு ஆங்கிலம் முதற்றடை. உயர்தரத்தில் உயிரியல் கற்றவர் பெரும்பாலும் நிரல் அறியார். கணிதம் கற்றவர் உயிரணுவை அறியார். இவ்விருவரையும் ஒரே திரைமுன் அமர்த்தி, ஒருவர்க்கொருவர் தமிழில் விளக்கச் செய்வது பாடசாலையால் இயலும், அதற்குச் செலவுமில்லை.