கட்டை வெடிக்கும் முன்னே காடி எடுங்கள்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையில் தாமிரபரணிக் கரையோர ஊர்களில் பயிரோடு மரங்களும் சாய்ந்தன. என் வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பும் விழுந்தது. விறகு விலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. திண்ணை பெஞ்சுக்குக் காலாகும் என்று உருண்டைக் கட்டைகளாக அறுத்து வெயிலில் போட்டேன். கோடை முடிந்து பார்த்தால், எல்லாக் கட்டையிலும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கடைசியில் விறகுக்குத்தான் போனது.

'வெடிக்காம இருக்காது சார். எங்க வெடிக்கணும்னு நாமதான் சொல்லணும்' என்றார் பக்கத்து ஊர் ஆசாரி. அந்த வழிதான் காடி எடுப்பது.

ஏன் வெடிக்கிறது?

ஈரம் வற்றும்போது மரம் நீளவாக்கில் அதிகம் சுருங்காது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சுற்றுவாக்கில் சுருங்கும். உருண்டைக் கட்டைக்கு இதைத் தாங்க வழியில்லை. எங்கோ ஓரிடத்தில் பிளக்கிறது. நாமே ஒரு காடி எடுத்து வைத்தால், சுருக்கம் பெரும்பாலும் அங்கேயே விரிந்து அடங்கிவிடும்.

எப்படி எடுப்பது?

* மரம் பச்சையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். வெடிப்பு விழுந்த பிறகு பயனில்லை.
* பட்டையை உரித்துவிடுங்கள். பூச்சி தங்காது.
* சுவர்ப்பக்கம், அடிப்பக்கம் என்று கண்ணில் படாத பக்கமாகப் பார்த்து, நுனி முதல் அடி வரை நூல் அடித்துக் கோடு போடுங்கள்.
* கட்டை உருளாதபடி இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து, கோட்டின் மேலேயே அறுங்கள். ஆழம் கட்டையின் நடுப்புள்ளியை நெருங்க வேண்டும். 7 அங்குல வட்ட ரம்பம் இரண்டரை அங்குலத்துக்கு மேல் இறங்காது. 5 அங்குலக் கட்டைக்கு அது போதும். அதைவிடப் பருமனான கட்டையை, பழகிய ஆளிடம் கொடுத்து செயின் ரம்பத்தால் அறுப்பதே பாதுகாப்பு.
* இரு முனைகளிலும் பழைய பெயின்ட் அல்லது சாணம் கனமாகப் பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும்.
* தரையில் படாமல், காற்றோடும் நிழலில் அடுக்குங்கள். வெயில் கூடாது.

காய்ந்தபின் காடி ஆங்கில 'வி' போல விரிந்திருக்கும். அதை அடைக்க விரும்பினால், மரச்சட்டத்தை ஒரு பக்கம் மட்டும் பசை வைத்து ஒட்டுங்கள். இரு பக்கமும் ஒட்டினால் மறுபடி பிளக்கும். பெஞ்சின் மேல்பலகைக்குக் காடி வேண்டாம். கட்டையை நடுவில் இரண்டாகப் பிளந்துகொண்டாலே போதும்.

கேள்வி: பனை, தென்னைக் கட்டைக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. அவற்றுக்கு வேம்பு, பூவரசு போல ஆண்டு வளையமும் நடுவைரமும் கிடையாது. ஓரம் கெட்டி, உள்ளே சோறு. பிளந்து, ஓரத்துக் கெட்டிப் பகுதியைச் சட்டமாக எடுப்பதே சரி. நிற்கும் பனையை வெட்டுவதானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த மழைக்கு ஒரு மரம் சாய்ந்தால், விறகுக்காரரைக் கூப்பிடும் முன் ஆசாரியைக் கூப்பிடுங்கள். அன்றைக்கே எடுக்கும் ஒரு காடி, பேரப்பிள்ளைகள் உட்காரும் பெஞ்சாக நிற்கும்.