கைக்கு அளவெடுத்துச் செய்யும் கீபோர்டு

சொந்தமாகக் கீபோர்டு செய்ய உட்காருகிறவர் முதலில் எடுப்பது ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும்தான். கையைத் தாள்மேல் இயல்பாகக் குப்புற வைத்து, ஒவ்வொரு விரல்நுனிக்கும் ஒரு புள்ளி வைக்கிறார். நடுவிரலின் புள்ளி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. அதன் இருபக்கமும் உள்ள விரல்கள் சற்றுக் கீழே. சுண்டுவிரல் நன்றாக இறங்கிவிடுகிறது. கட்டைவிரல் தனியே ஒதுங்கிக் கிடக்கிறது. விரல்களை மடக்கி நீட்டினால் அவை போய்வரும் பாதை ஏறக்குறைய நேர்க்கோடு. இந்தப் புள்ளிகள்தான் வரைபடம். சால்டரிங் அயன் சூடாவதெல்லாம் பிறகு.

அந்தத் தாளைச் சாதாரணக் கீபோர்டின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அதில் எழுத்து விசைகள் செங்கல் அடுக்கியதுபோல வரிசைக்கு வரிசை விலகி நிற்கின்றன. நடுவரிசை மேல்வரிசையைவிடக் கால் விசை அகலம் வலப்பக்கம் தள்ளியிருக்கும். கீழ்வரிசை இன்னும் அரை விசை. ஒரு விசைக்கு 19.05 மில்லிமீட்டர் என்பதால், மேலிருந்து கீழே வருவதற்குள் விரல் சுமார் 14 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டும். இரண்டு கைகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல எதிரெதிரானவை. விசைகளோ இரண்டு கைக்கும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன.

இது தட்டச்சுப் பொறி விட்டுப்போன சொத்து. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ் உருவாக்கிய பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல். அவை ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளியில் போக வேண்டுமானால் விசைகளை விலக்கித்தான் வைத்தாக வேண்டும். கணினியில் நெம்புகோல் இல்லை. விலகல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. ஒற்றைப் பலகையில் தட்டும்போது முன்கைகள் உள்நோக்கிச் சாய்கின்றன. விரல்களை வரிசையில் நிறுத்த மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளைகிறது. 1926இலேயே ஜெர்மனியில் குளோக்கன்பெர்க் என்பவர், பலகையை இரண்டாகப் பிரிக்கலாம் என்று எழுதினார். 1970களில் பிரிட்டனில் லிலியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் குழிவான பள்ளங்களில் விசைகளை வைத்து மால்ட்ரான் கீபோர்டைச் செய்தார்கள். மைக்ரோசாஃப்டின் நேச்சுரல் கீபோர்டு 1994இல் வந்தது. ஆனால் எந்தக் கடைப்பொருளும் ஒரு சராசரிக் கைக்குச் செய்யப்பட்டதுதான். சுண்டுவிரல் குட்டையானவர் என்ன செய்வார்?

அவரே செய்துகொள்வார். புதிதாக இறங்குகிறவர்கள் பலர் தேர்ந்தெடுப்பது, ஜப்பானில் உருவாகி, வரைபடக் கோப்புகள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட கோர்ன் என்ற வடிவமைப்பை. மொத்தம் 42 விசைகள், ஒரு கைக்கு 21. அதில் 18 விரல்களுக்கு, 3 கட்டைவிரலுக்கு. சாதாரணக் கீபோர்டில் இரண்டு கட்டைவிரல்களுக்கும் சேர்த்து ஒரே ஸ்பேஸ்பார். உள்ளதிலேயே வலுவான விரலுக்கு அவ்வளவுதான் வேலை! எண்களுக்குத் தனி வரிசை கிடையாது. கட்டைவிரலால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் எழுத்து விசைகளே எண்களாகிவிடும். இதை லேயர் என்கிறார்கள்.

21 விசைகளுக்கு 21 கம்பிகள் வேண்டாம். 4 வரிசை, 6 பத்தி என்று வலைபோல் இணைத்தால் 10 இணைப்புகளே போதும். மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஒவ்வொரு வரிசையாகச் சோதித்து எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று பார்க்கிறது. ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளை ஒன்றாக அழுத்தினால், மின்சாரம் சுற்றி வந்து, தொடாத நான்காவது விசையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். அதைத் தடுக்கத்தான் விசைக்கு ஒரு டையோடு: மின்சாரம் ஒரு பக்கம்தான் போக முடியும். அரிசிமணி அளவுக் கண்ணாடி உருளை. ஒரு முனையில் கறுப்புக் கோடு. கோடு திரும்பியிருந்தால் அந்த விசை செத்த விசை. 42 டையோடு, 84 கால்கள். ஒவ்வொரு காலிலும் ஈயம் பளபளப்பாக, சிறு கூம்புபோல் உருகிப் படிய வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள். மறுபடி சூடுகாட்ட வேண்டியதுதான்.

இரண்டு கைக்கும் ஒரே பிசிபிதான், அதாவது மின்சுற்று அச்சிட்ட பலகை. திருப்பிப் போட்டால் மற்றக் கை. அதை மறந்து இரண்டு இடது கைகளைச் செய்து முடிப்பது அடிக்கடி நடக்கிற தவறு. இரு பாதிகளையும் இணைப்பது ஹெட்போனில் இருப்பதைப் போன்ற கேபிள். கணினியின் யூஎஸ்பி இணைப்பைக் கழற்றாமல் அதை உருவினால் முனைகள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகி, சிப்பே போய்விடலாம்.

தமிழில் தட்டுகிறவருக்கு இந்தப் பிளவு கூடுதலாகவே பொருந்துகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் உருப்பெற்ற தமிழ்99 முறையில் உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க இடது கை அகரம், வலது கை இரண்டு முறை மகரம், மறுபடி இடது கை ஆகாரம். புள்ளி தானே விழுந்துவிடும். இரண்டு பாதிகளும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல் வேலை ஓடுகிறது.

ஒரே ஒரு சிக்கல், ஞகரம். தமிழ்99இல் அது மேல்வரிசையின் வலது ஓரத்தில், அடைப்புக்குறி விசையில் இருக்கிறது. கோர்னில் அவ்வளவு தூரத்துக்குப் பலகையே கிடையாது. இதற்குக் கீபோர்டின் சிப்பில் ஓடும் கியூஎம்கே என்ற இலவச மென்பொருளில் வழி உண்டு. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது விசையின் குறியீட்டைக் கணினிக்கு அனுப்பச் சொல்லலாம். அடுத்தடுத்து இருக்கும் நகரத்தையும் யகரத்தையும் இணைத்து ஞகரமாக்கிக்கொள்ளலாம். யமனை நமன் என்றும் ஞமன் என்றும் எழுதிய மொழியில் இந்த இணைப்பு மறக்காது. அந்த மென்பொருளின் கோப்பில் சில வரிகள் சேர்த்து, சிப்பில் மறுபடி ஏற்றினால் போதும். அடுத்த நிமிடமே 'ஞாயிறு' என்று அடித்துப் பார்த்துவிடலாம்.