காய்கறியும் பூச்சிமருந்தும்

பூச்சிமருந்துக்குப் பயந்து காய்கனிகளைக் குறைத்துவிடாதீர்கள். மருந்தெச்சத்தைவிட, காய்கனி உண்ணாமையே உடலுக்குப் பெருங்கேடு.

அமெரிக்கக் கடைகளில் ஆர்கானிக் பொருளுக்கு விலை அதிகம். கையில் உள்ள காசை ஸ்ட்ராபெரி, பசலைக்கீரை, ஆப்பிள் போன்றவற்றுக்கு மட்டும் செலவிடுங்கள். ஒட்டுச்சீட்டில் 9-இல் தொடங்கும் 5 இலக்க எண் ஆர்கானிக்கைக் குறிக்கும். வெங்காயம், அன்னாசி ஆகியவற்றில் எச்சம் குறைவு, சாதாரணமானதே போதும்.

எதையும் ஓடும் நீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். ஆப்பிளை, இரண்டு கப் நீருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்து, 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவலாம். 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், மேல்தோலில் இருந்த இரு மருந்துகள் இவ்வாறு நீங்கின. உள்ளே ஊடுருவியது முழுதும் நீங்கவில்லை. தோலைச் சீவினால் அதுவும் குறையும். நார்ச்சத்தும் சிறிது போகும்.

கொத்தமல்லியைச் சன்னலோரத் தொட்டியில் விதையுங்கள். காசும் மிச்சம், கவலையும் இல்லை.